இழுபட்ட உலோகப் படலங்களின் காந்தம்

செம்புப் படிகத்தின் மீது நிக்கலை ஒவ்வோர் அணு அடுக்காகப் படியவைத்துக்கொண்டே போனால் ஒரு விந்தை நிகழ்கிறது. முதல் சில அடுக்குகளில் நிக்கலின் காந்தமாக்கம் படலத்தின் தளத்திலேயே படுத்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு அடுக்கைத் தாண்டியதும் அது எழுந்து செங்குத்தாக நிற்கிறது. நாற்பது அடுக்குகளையொட்டியும் அதற்கு மேலும் அப்படியே நின்றுவிட்டு, பிறகு மெல்லச் சாய்ந்து மறுபடி தளத்துக்குத் திரும்புகிறது. காந்த மென்படலங்களைப் பற்றிய பொது அனுபவம் இதற்கு நேர் எதிரானது. மிக மெல்லியதாக இருக்கும்போது செங்குத்து, தடித்தால் கிடை என்பதே வழக்கம். இரும்பும் கோபால்ட்டும் பல அடித்தளங்களில் அப்படித்தான் நடந்துகொள்கின்றன.

நிக்கல் ஏன் தலைகீழாக நடக்கிறது என்ற கேள்வியைப் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் பாபர்ஷ்கேயின் குழுவும், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஓஹேண்ட்லியின் குழுவும், வேறு சிலரும் 1990-களில் துருவி ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்ட விடை திரிபு. அதாவது, படலத்தின் அணுக்கள் தம் இயல்பான இடைவெளியில் இல்லாமல் அடித்தளத்தால் இழுக்கப்பட்டோ நெருக்கப்பட்டோ இருக்கும் நிலை. நிக்கலின் அணிக்கோவை அளவு 3.524 ஆங்ஸ்ட்ராம், செம்பினுடையது 3.615. வித்தியாசம் இரண்டரை விழுக்காடு. கட்டம்போட்ட இரண்டு துணிகளை விளிம்போடு விளிம்பு வைத்துத் தைக்கும்போது ஒன்றின் கட்டம் சற்றுச் சிறியதாக இருந்தால், தைப்பவர் சிறிய துணியை இழுத்துப் பிடித்துத்தான் கட்டங்களைப் பொருத்த முடியும். இங்கே அதைச் செம்பு செய்கிறது. கிடைத்தளத்தில் இழுபட்ட நிக்கல், செங்குத்தாக மூன்று விழுக்காட்டளவு ஒடுங்கிவிடுகிறது. கனசதுரமாக இருக்க வேண்டிய படிகம் தட்டையாகிறது.

வடிவம் மாறினால் காந்தம் மாறும் என்பது பழைய செய்தி. காந்தமாக்கும்போது இரும்புக் கம்பியின் நீளம் மாறுவதை ஜூல் 1842-இல் கண்டார். இதைக் காந்த விரிசுருக்கம் என்று சொல்லலாம். இதன் மறுபக்கத்தை, அதாவது இழுத்தால் காந்தப் பண்பு மாறுவதை, இத்தாலியரான வில்லாரி 1865-இல் பதிவு செய்தார். இரண்டுக்கும் வேர் ஒன்றே. எலக்ட்ரானின் ஸ்பின் தன்னளவில் படிகத்தின் திசைகளை அறியாது. எலக்ட்ரானின் சுற்றுப்பாதைதான் சுற்றியுள்ள அணுக்களின் அமைப்பை உணர்கிறது. ஸ்பின்னும் சுற்றுப்பாதையும் இணைந்திருப்பதால் அணுக்களின் அமைப்பு ஸ்பின்னின் திசையையும் கட்டுப்படுத்துகிறது. அணுக்களை நகர்த்தினால் எந்தத் திசையில் காந்தமாக்கம் எளிது என்பதும் நகர்கிறது.

ஆனால் திண்ம உலோகத்தில் இந்த விளைவு மிகச் சிறியது. நிக்கலின் விரிசுருக்கம் பத்து லட்சத்தில் முப்பத்து நாலு பங்கு மட்டுமே. கைக்கு அகப்படும் நிக்கல் துண்டில் இதைத் துணைக் குறிப்பாக ஒதுக்கிவிடலாம். மென்படலத்தில் அப்படி ஒதுக்க முடியாது என்பதைச் சின்னக் கணக்கு ஒன்றே காட்டும். படலங்களில் 1 கிகாபாஸ்கல் தகைவு அன்றாடச் செய்தி. திண்மத் துண்டு அவ்வளவு தகைவில் அறுந்தோ நசுங்கியோ போய்விடும். அந்தத் தகைவை நிக்கலின் விரிசுருக்கத்தோடு பெருக்கி, ஒன்றரையாலும் பெருக்கினால், கன மீட்டருக்குச் சுமார் 50 கிலோஜூல் வருகிறது. நிக்கல் படிகத்தின் சொந்தத் திசைச்சார்பு, அதாவது ஒரு திசையைவிட இன்னொரு திசையில் காந்தமாவது எளிதாக இருக்கும் தன்மை, ஏறத்தாழ 5 கிலோஜூல்தான். திரிபு அதைப்போல் பத்து மடங்கு.

செம்பின் மீதான நிக்கலில் இது இன்னும் பெரிது. இரண்டரை விழுக்காடு இழுப்பும் அதனால் வந்த ஒடுக்கமும் சேர்ந்து, எளிய நேர்கோட்டுக் கணக்கின்படி, 300 கிலோஜூலைத் தாண்டுகின்றன. எந்த மென்படலத்திலும் காந்தமாக்கத்தைத் தளத்தில் படுக்கவைக்க முயலும் வடிவ ஆற்றல் நிக்கலுக்கு ஏறக்குறைய 150 கிலோஜூல். நிக்கலின் விரிசுருக்கம் எதிர்க்குறி உடையது. ஆகவே இழுபட்ட திசையை விட்டு விலகி, ஒடுங்கிய செங்குத்துத் திசையை அது விரும்புகிறது. வடிவ ஆற்றலைத் திரிபு வென்றுவிடுகிறது.

அப்படியானால் முதல் சில அடுக்குகளில் மட்டும் ஏன் கிடை? அங்கே மேற்பரப்பு குறுக்கிடுகிறது. மேற்பரப்பிலும் இடைமுகத்திலும் உள்ள அணுவுக்கு ஒருபுறம் அண்டை அணுக்கள் இல்லை, அல்லது வேறு தனிமம் இருக்கிறது. அதனால் அங்கே தனியொரு திசைச்சார்பு இருக்கும் என்று லூயி நேல் 1954-இல் சொன்னார். நிக்கலுக்கு அந்த மேற்பரப்பு ஆற்றல் கிடைத்திசையை விரும்புகிறது. படலம் மெல்லியதாக இருக்கும்போது மேற்பரப்பின் பங்கு பெரிது, தடிக்கத் தடிக்கத் திரிபின் பங்கு ஓங்குகிறது. மேற்பரப்பை மாற்றினால் இந்தப் புரட்டு நிகழும் தடிமனும் மாறுவதே இதற்குச் சான்று. வெற்றிடத்துக்குத் திறந்திருக்கும் நிக்கல் பதினோரு அடுக்கையொட்டி எழுகிறது. மேலே செம்பை மூடினால் ஏழெட்டு அடுக்கிலேயே எழுகிறது. ஆக்ஸிஜன் படிந்த மேற்பரப்பை வைத்து வளர்த்தால் ஐந்தே அடுக்கு போதும். உள்ளே இருக்கும் நிக்கலில் எந்த மாற்றமும் இல்லை. ஒற்றை அணு அடுக்கு வாயு காந்தத்தை நிமிர்த்துகிறது. இந்தத் துறையில் இவ்வளவு துலக்கமான சோதனைகள் அரிது.

திரிபு எங்கிருந்தெல்லாம் வருகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். அணிக்கோவைப் பொருத்தமின்மை ஒரு மூலம் மட்டுமே. சிலிக்கான் மீது 400 பாகை வெப்பவேறுபாட்டில் நிக்கலை வளர்த்துக் குளிரவைத்தால், நிக்கல் சிலிக்கானைவிடப் பல மடங்கு அதிகமாகச் சுருங்க முயன்று முடியாமல், 0.4 விழுக்காடு இழுப்பில் மாட்டிக்கொள்ளும். அதுவே ஒரு கிகாபாஸ்கல். இலக்கு உலோகத்திலிருந்து அணுக்களைத் தெறிக்கவைத்துப் படியவைக்கும் ஸ்பட்டரிங் முறையில் வாயு அழுத்தத்தைக் குறைத்தால் பறந்துவரும் அணுக்கள் படலத்தைச் சம்மட்டியடித்து நெருக்குகின்றன. அழுத்தத்தைக் கூட்டினால் படலம் இழுப்புத் தகைவுக்கு மாறுகிறது. ஒரே இலக்கு, ஒரே கலவை, ஒரே தடிமன். வாயு அழுத்தம் மட்டும் வேறு. இரண்டு ஆய்வுக்கூடங்களின் காந்த அளவீடுகள் ஒத்துவராமல் போக இதுவே போதும். வளர்ப்பு அழுத்தத்தைக் கூறாமல் காந்தத் திசைச்சார்பை மட்டும் கூறும் கட்டுரை பாதிச் செய்திதான் தருகிறது.

தகைவை அளக்கும் வழி நூறாண்டுக்கு மேல் பழையது. ஸ்டோனி 1909-இல் எஃகு அளவுகோல்களின் ஒரு பக்கத்தில் மின்முலாமாக நிக்கலைப் பூசி, அளவுகோல் வளைந்த அளவிலிருந்து படலத்தின் தகைவைக் கணக்கிட்டார். அவர் தந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மாறியது வளைவை அளக்கும் நுட்பம்தான். இன்று லேசர் கதிரின் விலகலைக் கொண்டு, ஒற்றை அணு அடுக்கு படியும்போதே அடித்தளம் வளைவதைக் காணலாம்.

இந்தத் துறையின் கடினமான முடிச்சு இனிதான் வருகிறது. படலம் தடிக்கத் தடிக்க அதில் சேரும் மீள்விசை ஆற்றல் பெருகும். ஒரு கட்டத்தில் அந்தச் சுமையைத் தாங்குவதைவிட ஒழுங்கை உடைப்பது மலிவாகிவிடும். செம்பின் நாற்பது அணு வரிசைக்கு நிக்கலின் நாற்பத்தொரு வரிசை வந்து பொருந்தி, இடையில் ஒரு பிசகு உண்டாகும். இந்த இடப்பிறழ்வுகளைப் பற்றிய கோட்பாட்டை ஃபிராங்கும் வான் டெர் மெர்வும் 1949-இல் தந்தார்கள். பல்லடுக்குகளுக்கு உரிய மாறுநிலைத் தடிமனை மேத்யூஸும் பிளேக்ஸ்லீயும் 1974-இல் கணக்கிட்டார்கள். மாறுநிலைத் தடிமனுக்குக் கீழே திரிபு முழுமையாக, மாறாமல் இருக்கும். அதைத் தாண்டினால் எஞ்சிய திரிபு ஏறத்தாழத் தடிமனுக்கு எதிர்விகிதத்தில் குறையும்.

எதிர்விகிதம் என்ற அந்த ஒரு சொல்லில் பொறி இருக்கிறது. மேற்பரப்பின் பங்கைப் பிரித்தெடுக்கப் பரிசோதகர்கள் காலங்காலமாகச் செய்துவருவது இது: பல தடிமன்களில் திசைச்சார்பை அளந்து, தடிமனுக்கு எதிர்விகிதமாக மாறும் பகுதியை இடைமுகத்தின் கணக்கில் எழுதுவார்கள், மாறாத பகுதியைக் கனஅளவின் கணக்கில் எழுதுவார்கள். தளர்ந்துவரும் படலத்தில் திரிபும் எதிர்விகிதத்தில் மாறுவதால், அதுவும் இடைமுகத்தின் வேடம் பூண்டு அதே கணக்கில் புகுந்துவிடும் என்று சப்பேரும் புரூனோவும் 1988-இல் சுட்டிக்காட்டினார்கள். வரைபடத்தில் நேர்கோடு எவ்வளவு அழகாக விழுந்தாலும் அது நேலின் மேற்பரப்பு விளைவுக்குச் சான்றாகாது. திரிபைத் தனியே, எக்ஸ்கதிர் விளிம்புவிலகலாலோ எலக்ட்ரான் விளிம்புவிலகலாலோ, ஒவ்வொரு தடிமனிலும் அளந்தால் மட்டுமே இரண்டையும் பிரிக்க முடியும். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த அளவீட்டைச் செய்யாமலே இடைமுகத் திசைச்சார்பு என்று ஓர் எண்ணைத் தரும் வழக்கம் ஓயவில்லை. இதை நான் சிறு குறையாகக் கருதவில்லை. அந்த எண்களை நம்பித்தான் அடுத்தவர் தம் காந்த நினைவகச் செல்லை வடிவமைக்கிறார்.

பல்லடுக்குகளில் சிக்கல் இரட்டிப்பாகிறது. கோபால்ட்டும் பலேடியமும் மாறி மாறி அடுக்கப்பட்ட படலங்களில் செங்குத்துக் காந்தமாக்கம் இருப்பதை டூபாண்ட் நிறுவனத்தின் கார்சியாவும் உடனுழைத்தவர்களும் 1985-இல் அறிவித்தார்கள். காந்த-ஒளி முறையில் பதிவுசெய்யும் ஆசை அப்போது பெரிதாக இருந்ததால் உலகெங்கும் அதைப் பின்தொடர்ந்தார்கள். கோபால்ட்டுக்கும் பலேடியத்துக்கும் இடையிலான பொருத்தமின்மை ஒன்பது விழுக்காட்டையொட்டியது. ஒற்றைப் படலத்தில் தடித்த அடித்தளம் நகராது, படலம்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். பல்லடுக்கிலோ இருவரும் மெல்லியவர்கள். தடிமனுக்கும் விறைப்புக்கும் ஏற்ப இருவரும் திரிபைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஆகவே பலேடியத்தின் தடிமனை மாற்றினால்கூட கோபால்ட்டின் காந்தம் மாறலாம். இடைமுகத்தில் இரு உலோகங்களும் கலந்து இரண்டு மூன்று அணு அடுக்குக்குக் கலவை உருவாகியிருந்தால், எது கோபால்ட், எது பலேடியம் என்ற கேள்விக்கே தெளிவான விடை கிடையாது. இந்த அடுக்குகளில் செங்குத்துத் திசைச்சார்பின் பெரும்பகுதி இரு உலோகங்களின் எலக்ட்ரான் நிலைகள் இடைமுகத்தில் கலப்பதால் வருகிறது என்பதே இன்றைய பொதுக் கருத்து. அது சரியென்றே நானும் எண்ணுகிறேன். ஆனால் மீதிப் பகுதி சிறியதல்ல.

பல்லடுக்குகளின் வரலாறு எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும். தங்கம்-நிக்கல், செம்பு-பலேடியம் அடுக்குகளின் மீள்குணகம், மீண்டும் மீண்டும் வரும் அடுக்கு இணையின் தடிமன் குறிப்பிட்ட அளவில் இருக்கும்போது பல மடங்கு எகிறுவதாக 1977-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து அளவீடுகள் வந்தன. பத்தாண்டுக்கு மேல் கோட்பாட்டாளர்கள் அதை விளக்க முயன்றார்கள். கவனமான மறு அளவீடுகளில் அந்தப் பேரெழுச்சி மறைந்துபோனது.

சரி, திரிபை அளந்துவிட்டோம். பாடநூலில் உள்ள விரிசுருக்க மாறிலியோடு பெருக்கினால் விடை வந்துவிடுமா? வராது. அந்த மாறிலிகள் பத்து லட்சத்தில் சில பங்கு திரிபுள்ள திண்மப் படிகங்களில் அளக்கப்பட்டவை. படலத்தின் திரிபு ஆயிரம் மடங்கு பெரியது. மக்னீசியம் ஆக்சைடு மீது வளர்ந்த இரும்புப் படலங்களின் காந்த-மீள் இணைப்பை, அதாவது திரிபு காந்தத் திசைச்சார்பை எவ்வளவு மாற்றுகிறது என்பதைக் குறிக்கும் எண்ணை, கோக்கும் உடனாய்வாளர்களும் 1996-இல் நேரடியாக அளந்தபோது, அது திரிபோடு மாறுவதையும் குறியே புரள்வதையும் கண்டார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரிலுள்ள மேக்ஸ் பிளாங்க் நுண்கட்டமைப்பு இயற்பியல் நிறுவனத்தில் சாண்டரும் கிர்ஷ்னரும் டங்ஸ்டன் மீதும் பிற அடித்தளங்கள் மீதும் வளர்த்த இரும்பில் இதையே உறுதிசெய்தார்கள். அவர்களுடைய முறை ஸ்டோனியின் நேரடி வாரிசு: மெல்லிய படிகப் பட்டையில் படலத்தை வளர்த்து, காந்தமாக்கத்தைத் திருப்பும்போது பட்டை எவ்வளவு வளைகிறது என்று பார்ப்பது. இதன் பொருள் கடுமையானது. இரும்பை ஒரு விழுக்காடு இழுத்தால் என்ன நேரும் என்று திண்ம இரும்பின் அட்டவணையைக் கொண்டு கணித்தால், அளவில் மட்டுமன்றித் திசையிலும் தவறலாம். எனினும் திண்ம மாறிலியை அப்படியே எடுத்துப் போட்ட கணக்குகள் இன்றும் இதழ்களில் வெளிவருகின்றன.

சில உலோகங்களில் திரிபு, காந்தமாக்கத்தின் திசையோடு நின்றுவிடாமல், காந்தம் உண்டா இல்லையா என்பதையே தீர்மானிக்கிறது. இயல்பான இரும்பு அறை வெப்பத்தில் உள்மையக் கனசதுரம். செம்பின் மீது வளர்த்தால் அது முகமையக் கனசதுரமாகும்படி கட்டாயப்படுத்தப்படுகிறது. நான்கு அடுக்கு வரை முழுப் படலமும் ஃபெர்ரோகாந்தம். ஐந்திலிருந்து பதினொன்று வரை மேலேயுள்ள அடுக்குகள் மட்டும் ஃபெர்ரோகாந்தமாக இருக்க, உள்ளே அணுக்களின் காந்தங்கள் எதிரெதிராக நிற்கும் எதிர்ஃபெர்ரோகாந்த ஒழுங்கு. அதற்கும் மேலே படலம் இயல்பு வடிவுக்குத் திரும்பிவிடுகிறது. அணு இடைவெளி ஓர் ஆங்ஸ்ட்ராமில் நூறில் சில பங்கு மாறினால் இரும்பின் காந்தத் தன்மை இப்படிப் புரள்கிறது. அரிமண் உலோகங்களிலும் இதற்கு இணை உண்டு: லுட்டீசியத்தோடு அடுக்கப்பட்ட டிஸ்புரோசியத்தில் ஃபெர்ரோகாந்த நிலைமாற்றம் உயர்ந்த வெப்பநிலைக்குப் போகிறது, இட்ரியத்தோடு அடுக்கினால் அது அடங்கிப்போகிறது.

இரும்பு-ரோடியம் கலவை இன்னும் நேரடியானது. ஏறத்தாழச் சம அளவில் கலந்த இந்தக் கலவை 370 கெல்வினையொட்டி எதிர்ஃபெர்ரோகாந்த நிலையிலிருந்து ஃபெர்ரோகாந்தமாகிறது. அப்போது அதன் கனஅளவு சுமார் ஒரு விழுக்காடு பெருகுகிறது. பெருக்கத்தைத் தடுத்தால் நிலைமாற்றமும் தள்ளிப்போக வேண்டும். மக்னீசியம் ஆக்சைடு மீது சற்றே நெருக்குண்ட படலத்தில் நிலைமாற்றம் உயர்ந்த வெப்பநிலைக்குப் போகிறது; சஃபயர் மீது இழுபட்ட படலத்தில் தாழ்ந்து வருகிறது. பேரியம் டைட்டனேட் மீது வளர்த்து, அடித்தளத்துக்குச் சில பத்து வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தே இந்த நிலைமாற்றத்தை நகர்த்தலாம் என்று 2014-இல் ஒரு பிரெஞ்சுக் குழு காட்டியது.

திரிபை வைத்துப் புதுக் காந்தம் படைக்க முடியுமா என்ற கேள்விக்கு இரும்பு-கோபால்ட் கலவையின் கதைதான் மிகச் சிறந்த பாடம். இயல்பில் இது கனசதுரம். காந்தமாக்கம் மிக உயர்ந்தது, திசைச்சார்பு மிகக் குறைவு. நிலைக்காந்தத்துக்குத் தேவையான இரண்டில் ஒன்று அபரிமிதமாக இருக்கிறது, மற்றது இல்லை. படிகத்தின் உயரத்தை அகலத்தைவிட இருபது, இருபத்தைந்து விழுக்காடு நீட்டினால், கோபால்ட் அறுபது விழுக்காட்டையொட்டி இருக்கும் கலவையில் பிரம்மாண்டமான செங்குத்துத் திசைச்சார்பு தோன்றும் என்று சுவீடனின் உப்சாலாவில் புர்க்கெர்ட்டும் நோர்ட்ஸ்ட்ராமும் எரிக்சனும் சீகேட்டின் ஹெய்னோனனோடு சேர்ந்து 2004-இல் கணித்தார்கள். பிளாட்டினமும் அரிமண் உலோகமும் வேண்டாத காந்தம் என்ற ஆசை அதோடு பிறந்தது.

பரிசோதனை உடனே தொடங்கியது. 2006-இல் உப்சாலாவில் பிளாட்டினத்தோடு அடுக்கிய பல்லடுக்குகளிலும், ஹாலேயில் பலேடியம் மீது வளர்த்த படலங்களிலும் செங்குத்துக் காந்தமாக்கம் உண்மையாகவே வந்தது. பிறகு இரிடியம், ரோடியம் என்று அணிக்கோவை அளவு படிப்படியாகச் சிறுக்கும் அடித்தளங்களைத் தேர்ந்தார்கள். பலேடியம், இரிடியம், ரோடியம் மீது கலவையின் உயர-அகல விகிதம் முறையே 1.13, 1.18, 1.24 என்று ஏறியது. கணிப்பு சொன்ன திசையிலேயே திசைச்சார்பும் போனது. ஆனால் இந்த நீட்சி ரோடியத்தின் மீது பத்துப் பதினைந்து அணு அடுக்குக்குமேல் தாங்கவில்லை. இரண்டு மூன்று நானோமீட்டரில் இடப்பிறழ்வுகள் வந்து படிகம் கனசதுரத்தை நோக்கி ஓய்ந்துவிடுகிறது. இன்னொரு அடியும் விழுந்தது. 2004-இன் கணக்கு ஒவ்வோர் இடத்திலும் இரும்பும் கோபால்ட்டும் சராசரியாக்கப்பட்ட ஒரு கற்பனை அணு இருப்பதாகக் கொண்டது. உண்மையான கலவையில் இரண்டும் ஒழுங்கின்றிக் கலந்திருக்கும் என்பதைச் சேர்த்துக் கணக்கிட்ட பிந்திய ஆய்வுகளில் உச்சத் திசைச்சார்பு பல மடங்கு குறைந்தது. கலவையின் அணு ஒழுங்கும் திரிபும் தனித்தனி அல்ல என்பதை இந்தச் சரிவு காட்டுகிறது. டிரெஸ்டனில் ராய்ஹெல் முதலானோர் சிறிதளவு கரிமத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். கரிம அணு இடைவெளியில் புகுந்து படிகத்தை ஒரு திசையில் நீட்டுகிறது, விகிதம் 1.03 மட்டுமே, ஆனால் அடித்தளத்தின் தயவின்றித் தடித்த படலத்திலும் நிலைக்கிறது. பெரிய திரிபு சில அடுக்குகளுக்கு, சிறிய திரிபு தடிமனான படலத்துக்கு. இந்த இரண்டில் பொறியியலுக்கு இரண்டாவதுதான் உதவும் என்பது என் கணிப்பு.

அணு ஒழுங்கும் திரிபும் கைகோத்து வென்ற இடம் இரும்பு-பிளாட்டினம். அணுக்கள் அடுக்கடுக்காக ஒழுங்குபட்ட வடிவில் உயரம் அகலத்தைவிட நாலு விழுக்காடு குறைவு. திசைச்சார்பு கன மீட்டருக்கு 7 மெகாஜூல் அளவுக்கு எகிறுகிறது. அடித்தளமான மக்னீசியம் ஆக்சைட்டின் அணிக்கோவை ஒன்பது விழுக்காடு பெரியது. அந்த இழுப்பு நீண்ட அச்சுகளைக் கிடையில் வைத்து, குறுகிய காந்த அச்சைச் செங்குத்தாக நிறுத்த உதவுகிறது. வெப்பத்தின் துணையோடு எழுதும் வன்வட்டுகள் இந்தப் படலத்தை நம்பியே இருக்கின்றன. தட்டு ஒன்றுக்கு 3 டெராபைட்டுக்கு மேல் கொள்ளும் அத்தகைய வட்டுகளை 2024-இல் சீகேட் அறிவித்தது.

வேறு சாதனங்களில் திரிபை விரட்டுவதே வேலை. நிக்கல் எண்பத்தொரு விழுக்காட்டையொட்டி இருக்கும் பெர்மலாயில் விரிசுருக்கம் பூச்சியத்தைக் கடக்கிறது. அதனால்தான் காந்த உணரிகளில் அது நெடுங்காலம் அரசாண்டது. எப்படி வளர்த்தாலும், எதில் ஒட்டினாலும், தகைவு அதன் காந்தத்தைக் கலைக்காது. கலவையின் விகிதம் இரண்டு மூன்று விழுக்காடு பிசகினால் இந்தக் காப்பு போய்விடும். விரிசுருக்கம் மிகுந்த இரும்பு-கோபால்ட் அடிப்படையிலான கலவையை, மெல்லிய மின்காப்பை ஊடுருவி எலக்ட்ரான்கள் பாயும் காந்தச் சுரங்கச் சந்தியில் வைத்தால் நேர் எதிர்ப் பயன் கிடைக்கிறது. சாதாரண உலோகத் திரிபு உணரியைவிட நூறு மடங்குக்கு மேல் கூர்மையான உணரியை குவாண்டின் குழு 2000-களின் தொடக்கத்தில் இப்படிச் செய்துகாட்டியது.

இடைமுகத்தையும் திரிபையும் பிரிக்கும் பழைய முடிச்சுக்கு, மின்னழுத்தம் கொடுத்தால் நீண்டு சுருங்கும் அழுத்தமின் அடித்தளங்கள் இப்போது ஒரு வழி திறந்திருக்கின்றன. வளர்த்து முடித்த அதே படலத்தை, அதே இடைமுகத்தோடு வைத்துக்கொண்டு, மின்னழுத்தத்தால் திரிபை மட்டும் கூட்டிக் குறைக்கலாம். தடிமனை மாற்ற வேண்டியதில்லை, ஆகவே எதிர்விகிதப் பொறியும் இல்லை. இதில் இரண்டு தடைகள் இருக்கின்றன. மின்முனைவு புரளும்போது இடைமுகத்தில் மின்னூட்டமும் சேர்ந்து மாறுகிறது. ஓரிரு அணு அடுக்குள்ள படலத்தில் அது தனியே காந்தத்தைத் தொடும். அதைத் தடுக்க இடையில் காந்தமற்ற உலோகம் ஒன்றைத் தடுப்பாக வைக்கலாம். மற்றத் தடை பெரியது: இந்த அடித்தளங்கள் தரும் திரிபு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கிறது, படிகப் பொருத்தமின்மை தருவதோ நூறில் பல பங்கு. சிறிய திரிபில் கிடைத்த சரிவைப் பெரிய திரிபுக்கு நீட்டினால் கோக்கும் சாண்டரும் கண்ட குறிமாற்றம் இடையில் எங்கோ காத்திருக்கும். ஆகவே ஏற்கனவே பெருந்திரிபில் வளர்ந்த படலத்தை எடுத்து, அந்த இடத்திலிருந்து மின்னழுத்தத்தால் சற்றே முன்னும் பின்னும் அசைத்து, அங்குள்ள சரிவை அளக்க வேண்டும். பலேடியம், இரிடியம், ரோடியம் என்று படிக்குப் படி இதைச் செய்தால், இரும்பு-கோபால்ட்டின் காந்த-மீள் இணைப்பு முழு வீச்சிலும் அளவீட்டால் கிடைத்த கோடாக நம் கையில் இருக்கும்.